மலைப்பாதைக்கு எந்தச் சக்கரம்?

போடிநாயக்கனூரில் பொழுது புலர்வதற்கு முன்பே ஜீப்புகள் புறப்பட்டுவிடும். தூக்குவாளியும் கொங்காணியுமாக ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு, மலையடிவாரத்து முந்தலைத் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக் கடந்து, போடிமெட்டை அடைந்து, அங்கிருந்து பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் அவை பிரிந்து செல்வதை நான் சிறுவயது முதல் பார்த்துவருகிறேன். அந்தப் பழைய ஜீப்புகளின் ஸ்டியரிங் சக்கரம் பெரியது, பிடி மெலிந்தது, வெயிலிலும் வியர்வையிலும் கிடந்து மேற்பரப்பு வெடித்துப்போனது. வளைவு வந்ததும் ஓட்டுநர் ஒரு கையால் சக்கரத்தைக் கீழே இழுத்து மறு கைக்கு மாற்றிக்கொடுக்கிறார். வளைவு முடிந்ததும் உள்ளங்கைகளைச் சற்றே தளர்த்தி, அது தானாகச் சுழன்று நேர்நிலைக்கு வர இடம் கொடுக்கிறார். சக்கரம் வட்டமாயிருப்பதன் பிரயோஜனத்தை இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் எனக்குக் கற்பித்ததில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் என் அண்ணன் மகன். தன் சொந்தச் சம்பாத்தியத்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிய அவன், முதல் வேலையாக அதன் ஸ்டியரிங் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, 320 மில்லிமீட்டர் விட்டமும், அடிப்புறம் தட்டையாக வெட்டப்பட்ட வடிவமும், சிவப்பு நூல் தையலும் கொண்ட பந்தயச் சக்கரம் ஒன்றை மாட்டிக்கொண்டான். "சித்தப்பா, இனிமே வண்டி சட்டுனு திரும்பும்" என்றான். தேனியிலும் சின்னமனூரிலும் கம்பத்திலும் இன்று எத்தனையோ இளைஞர்கள் இதே நம்பிக்கையோடு ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறார்கள். அவர்களுடைய ஆசையை நான் குறைகூற மாட்டேன். வாகனத்தின் உறுப்புகளிலே மனிதனுடைய கை இடைவிடாமல் தொட்டுக்கொண்டிருப்பது ஸ்டியரிங் சக்கரம் ஒன்றுதான் என்றிருக்க, அது அழகாகவும் கைக்கு இசைவாகவும் இருக்கவேண்டும் என்று விரும்புவது மிகவும் இயல்பான விஷயம். ஆனால் அந்த நம்பிக்கையின் அஸ்திவாரமே தவறு என்பதுதான் என் அபிப்பிராயம்.

சிறிய சக்கரம் வண்டியைச் சீக்கிரம் திருப்பாது. சக்கரத்தை எத்தனை சுற்றுச் சுற்றினால் முன்டயர்கள் முழுதும் திரும்பும் என்பதை நிர்ணயிப்பது கீழேயுள்ள ஸ்டியரிங் பெட்டியின் பல்விகிதம். மேலேயுள்ள வளையத்தைச் சிறிதாக்கியதால் அந்த விகிதம் இம்மியும் மாறுவதில்லை. மாறுவது கைக்கு வேண்டிய பலமும் கை நகரவேண்டிய தூரமும் மட்டுமே. 380 மில்லிமீட்டர் சக்கரத்தை எடுத்துவிட்டு 320 மில்லிமீட்டர் சக்கரத்தை மாட்டினால், அதே திருப்பத்துக்குக் கை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதிக பலத்தைச் செலுத்தவேண்டும். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் இந்தப் பளு அவ்வளவாகத் தெரியாது என்பது வாஸ்தவம். ஆனால் கையின் சிறு அசைவும் முன்னைவிடப் பெரிய திருப்பமாகிவிடுவதால், நேர்ச்சாலையில் வண்டி நிலைகொள்ளாமல் அலையும்.

அடிப்புறம் தட்டையான சக்கரத்தின் கதை இதைவிட விபரீதமானது. பந்தயக் காரின் குறுகலான இருக்கையில் ஓட்டுநரின் தொடைக்கு இடம் வேண்டும் என்பதற்காக அந்த வடிவம் ஏற்பட்டது. பந்தயக் காரில் சக்கரத்தை அரைச் சுற்றுக்குமேல் திருப்பவேண்டிய தேவை பெரும்பாலும் நேர்வதில்லையாகையால், ஓட்டுநரின் கைகள் பிடித்த இடத்தை விட்டு நகர்வதுமில்லை. நம் சாலைக் கார்களிலோ ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் சுமார் மூன்று சுற்றுகள். கொண்டை ஊசி வளைவில் கைமாற்றிக் கைமாற்றித்தான் சுற்றியாகவேண்டும். அப்படிச் சுற்றும்போது, வளைவின் நட்டநடுவில், வட்டமான பிடியை எதிர்பார்க்கும் கைக்குத் தட்டையான துண்டு வந்து சிக்கும்.

அது எப்படி இருக்கும் என்பதை நான் பக்கத்து இருக்கையில் அமர்ந்து கண்டேன். முந்தலுக்கு மேலே ஐந்தாவது வளைவிலோ ஆறாவது வளைவிலோ, மேலிருந்து பஸ் ஒன்று இறங்கி வரும் ஓசை கேட்டு, பையன் ஹாரனை அழுத்தினான், ஒலி எழவில்லை. புதுச் சக்கரத்தை மாட்டிய பட்டறையில் ஹாரன் இணைப்பைச் சரிவரப் பொருத்தியிருக்கவில்லை. அவன் கலங்கிச் சக்கரத்தை ஒடித்தபோது, தட்டைப் பகுதி கைக்குள் வந்து பிடி நழுவியது. பஸ் ஓட்டுநர் நிதானமுள்ளவர். எங்களுக்கு முன்பே பிரேக் போட்டு நின்றுவிட்டார். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிடவேண்டும் என்ற விதி எங்களைக் காப்பாற்றவில்லை, அந்த மனிதருடைய கவனம்தான் காப்பாற்றியது என்பதை நன்றியோடு சொல்லவேண்டும்.

இத்தகைய சக்கரங்கள் பிறந்த வரலாறு அறியத்தக்கது. இத்தாலியைச் சேர்ந்த ஜியான்பியரோ மொரெட்டி என்ற பந்தய வீரர், தம்முடைய பந்தய வண்டிக்கென்று பிடி தடித்த, சிறிய சக்கரம் ஒன்றைச் செய்வித்துக்கொண்டார். ஜான் சர்டீஸ் என்ற பந்தய வீரர் அதைத் தம் பெராரியில் பொருத்தி 1964-ல் ஃபார்முலா ஒன் உலக சாம்பியனான பிறகு, மொரெட்டியின் சக்கரங்களுக்குரிய 'மோமோ' என்ற பெயர் உலகெங்கும் பரவிற்று. நம் நாட்டிலும் கோயம்புத்தூர் எஸ். கரிவரதன் மாருதி யந்திரத்தைக் கொண்டே பந்தய வண்டிகளை உருவாக்கிக் காட்டினார். செட்டிபாளையத்துப் பந்தயத் திடல் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதே கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் முதல் இந்தியராகக் கலந்துகொண்டார். இவர்களுடைய கைக்கு ஏற்ற சக்கரம் பந்தயத் திடலுக்கு ஏற்றது. அங்கே எதிரே பஸ் வராது, ஏலக்காய் மூட்டை ஏற்றிய ஜீப் வராது, வளைவில் ஆடு மேயாது.

எல்லாவற்றுக்கும் மேலான விஷயம் ஏர் பேக். 2019 ஜூலை முதல் தேதிக்குப் பின் உற்பத்தியான கார்கள் அனைத்திலும் ஓட்டுநருக்கு அது கட்டாயம். அது மடிந்து கிடப்பது ஸ்டியரிங் சக்கரத்தின் நடுவிலேதான். மோதல் நிகழ்ந்ததும், கண் இமைக்கும் நேரத்துக்குள் விரிந்து, மார்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே மெத்தையாக நிற்பது அது. அழகுச் சக்கரத்தை மாட்டுவதென்றால் அதைக் கழற்றி மூலையில் போடவேண்டும். அவ்வாறு கழற்றியதும் மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரியுமே என்று, சிறு ரெசிஸ்டர் ஒன்றை இணைத்து அந்த விளக்கையும் அணைத்துவிடுகிறார்கள். ஆபத்தை உணர்த்தும் விளக்கை அணைத்துவிட்டு ஆபத்தே இல்லையென்று நம்ப வைக்கும் இந்த வேலையை நான் தொழில் என்று ஒப்புக்கொள்ளமாட்டேன். உற்பத்தியாளர் நிர்ணயித்த அமைப்புக்கு முரணாக வாகனத்தை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் இடமிருக்கிறது.

ஏர் பேக் என்பதே வராத காலத்து வண்டியை வைத்திருப்பவர், பழைய சக்கரம் விரிசல் விட்டுப்போனதால் புதிது தேடுகிறார் என்றால், அவருக்கு நான் சொல்லக்கூடியது வேறு. வட்டமான சக்கரத்தையே தேர்ந்தெடுங்கள். விட்டம் பழையதைவிட ஓரிரு விரற்கடைக்குமேல் குறையவேண்டாம். உட்கார்ந்து பார்க்கும்போது மீட்டர் முழுதும் தெரியவேண்டும். மெருகேற்றிய மரப்பிடி கண்ணுக்கு மனோகரம், ஆனால் கம்பம் பள்ளத்தாக்கின் சித்திரை வெயிலில் வியர்த்த கையில் வழுக்கும். மிருதுவான ஸ்வேட் தோல் சில மாதங்களில் எண்ணெய்ப் பிசுக்கேறிவிடும். சாதாரணத் தோலே உத்தமம். சக்கரத்தைத் தண்டோடு இணைக்கும் பாஸ், அந்த வண்டியின் தண்டிலுள்ள பல்வரிசைக்கென்றே செய்யப்பட்டதாக இருக்கட்டும். மோமோவின் ஆறு திருகுகள் 70 மில்லிமீட்டர் வட்டத்திலும் நார்டி என்ற மற்றொரு சக்கரத் தயாரிப்பாளரின் ஆறு திருகுகள் 74 மில்லிமீட்டர் வட்டத்திலும் அமைந்தவை. துளையை ராவிப் பெரிதாக்கிப் பொருத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். நடு நட்டை டார்க் ரெஞ்ச் கொண்டு, குறித்த அளவுக்கு முறுக்கவேண்டும். ஹாரனை, சக்கரத்தை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிய நிலையிலும் அழுத்திப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.

தேனி மாவட்டத்துக் கார் அலங்காரக் கடைக்காரர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. ஏர் பேக் உள்ள சக்கரத்தைக் கழற்றச் சொல்லி எந்தப் பையன் வந்து நின்றாலும், இந்த வேலையை நாங்கள் செய்வதில்லை என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். சீட் கவரிலும் பாட்டுப் பெட்டியிலும் உங்களுக்கு வரும் லாபம் போதாதா? பஸ்ஸுக்கு எதிரே தடுமாறிய எங்கள் பையன் அன்று மாலையே பழைய சக்கரத்தைத் திரும்ப மாட்டச் சொல்லிவிட்டான். மறுநாள் காலை மீட்டரில் ஏர் பேக் விளக்கு ஒரு கணம் எரிந்து, சோதனை முடிந்து, முறைப்படி அணைந்ததைப் பார்த்த பிறகே அவன் வண்டியை எடுத்தான்.