புது மெட்டல் பேண்ட் தேடுறீங்களா? ஆப்பை விடுங்க, ஆளைப் பிடிங்க

"நைட்விஷ், ட்ரீம் தியேட்டர் எல்லாம் கேட்டு முடிச்சாச்சு டாக்டர், அதே மாதிரி புதுசா ஏதாவது சொல்லுங்க"ன்னு டிஎம்ல ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க. பதில் நீளமா போயிடுச்சு, அதனால த்ரெட்.

"அதே மாதிரி"ன்னு கேட்குறதுலயே தப்பு ஆரம்பிக்குதுன்னு நினைக்கிறேன். ஆப்பும் அதைத்தான் தருது. ஒரு நைட்விஷ் பாட்டு கேட்டா அடுத்ததும் ஆபரா குரல், பின்னாடி கோரஸ், அதே வேகம். பத்து பேண்ட் ஓடும், ஒரு பேர்கூட மனசுல நிக்காது. ரெண்டு வருஷம் நானும் அப்படித்தான் கேட்டேன். இல்ல, கேட்டேன்னு சொல்ல முடியாது. ஓடிட்டு இருந்துச்சு.

இப்போ நான் பண்றது காண்டாக்ட் ட்ரேசிங். கோவிட்ல பண்ணோமே, அதேதான். பிடிச்ச ஆல்பத்துல யார் பாடினாங்க, யார் தயாரிச்சாங்க, அதுக்கு முன்னாடி எங்க இருந்தாங்க, வேற யார்கூட சேர்ந்தாங்கன்னு பார்த்துட்டே போறது.

நைட்விஷ்ல இப்போ பாடுற ஃப்ளோர் யான்சன் 2012ல டூர் நடுவுல வந்து சேர்ந்தவங்க. முன்னாடி நெதர்லாந்துல ஆஃப்டர் ஃபாரெவர். அதுல இருந்து 2002ல வெளிய வந்த மார்க் யான்சன் (சொந்தம் எல்லாம் இல்ல, குழப்பிக்காதீங்க) ஆரம்பிச்சதுதான் எபிகா. ஒரு ஆளைப் பிடிச்சோம், ரெண்டு பேண்ட் ஆச்சு.

ட்ரீம் தியேட்டர் பாடகர் ஜேம்ஸ் லாப்ரியைப் பிடிச்சா அயரியான் வரும். ஆர்யன் லூக்காசன்னு ஒரு டச்சுக்காரரோட ப்ராஜெக்ட். கதை எழுதி, பல பேண்ட்ல இருந்து பாடகர்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு கேரக்டர் குடுப்பார். 2004ல வந்த 'தி ஹியூமன் ஈக்குவேஷன்'ல கார் விபத்துல கோமாவுக்குப் போனவரா லாப்ரி. பக்கத்துல மனைவியும் நண்பனும். உள்ளுக்குள்ள பயம், கோபம் எல்லாம் அவர்கிட்ட பேசும். 20 நாள், 20 பாட்டு.

மெடிக்கல் லாஜிக் பார்க்காதீங்க. ஆனா ஐசியூ வாசல்ல ஒரு அம்மா "நாங்க பேசுறது அவருக்குக் கேக்குமா சார்?"னு கேட்டப்போ, உறுதியா ஒரு பதில் சொல்ல முடியாம நின்னிருக்கேன். "பேசுங்கம்மா"ன்னு மட்டும் சொன்னேன். அன்னைக்கு நைட் டூட்டி முடிச்சு வந்து ரெண்டு சிடியையும் ஒரே மூச்சுல கேட்டேன். ஆப் இதுல இருந்து மூணாவது பாட்டை மட்டும் உருவிப் போட்டிருந்தா, நான் ஸ்கிப் பண்ணிட்டுப் போயிருப்பேன்.

அதுல 'பயம்' கேரக்டர் பண்றவர் ஸ்வீடன் ஓபெத் பேண்டோட மிகேல் ஓகர்ஃபெல்ட். ஓபெத்ல உறுமல் குரல் உங்களுக்கு ஒத்து வரலன்னா 2003ல வந்த 'டாம்னேஷன்' கேளுங்க, உறுமலே கிடையாது. அதைத் தயாரிச்ச ஸ்டீவன் வில்சனைப் பிடிச்சா போர்க்குபைன் ட்ரீ.

இன்னொரு கிளை. பிரிட்டன் பேண்ட் டெசராக்ட்ல பாடுற டேனியல் டாம்ப்கின்ஸ், நடுவுல ஸ்கைஹார்பர்னு ஒரு பேண்டுக்குப் பாடினார். அது எங்க ஆரம்பிச்சதுன்னு தேடுனா டெல்லி! நம்ம நாட்டு பேண்டை நான் இங்கிலாந்து வழியா சுத்தி வந்துதான் கண்டுபிடிச்சேன், கொஞ்சம் வெட்கமாத்தான் இருந்துச்சு.

டாக்டரா ஒண்ணு சொல்லிடுறேன், வால்யூமைக் குறைங்க. உலக சுகாதார நிறுவனம் சொல்றது 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம். சத்தம் ஏற ஏற அந்த நேரம் மளமளன்னு குறையும்.

உங்களுக்குப் பிடிச்ச ஒரு ஆல்பம் பேரை ரிப்ளைல போடுங்க. யாரை வச்சு ஆரம்பிக்கலாம்னு ஓபி முடிச்சுட்டு வந்து சொல்றேன்.