யாருக்கு இந்த அறிக்கை?

கடலோரத்தில் இறால் குளத்துக்கு லைசென்சு கொடுத்தால் நமக்கென்ன என்று திருச்சி, ஸ்ரீரங்கம் தோழர்கள் சிலர் நம்மைக் கேட்கிறார்கள். ஆடிப் பதினெட்டில் அம்மா மண்டபத்துப் படித்துறையில் கும்பிட்டு விடுகிற தண்ணீர், கல்லணை தாண்டி எந்தக் கடைமடைக்குப் போகிறதென்று இவர்கள் யோசித்ததுண்டா? அந்தக் கடைமடையில், நாகைப் பக்கத்தில், கடல் நீரைக் கொண்டுவந்து குளங்களில் தேக்கினார்கள். பக்கத்து வயல் உவராயிற்று. குடிக்கிற கிணறு கரித்தது.

1994-இல் கிராம சுயராஜ்ய இயக்கத்தைச் சேர்ந்த திரு. எஸ். ஜெகந்நாதன் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 11-12-1996-இல் தீர்ப்பாயிற்று. 19-2-1991 அறிக்கை குறித்த 500 மீட்டர் கடலோர எல்லைக்குள், பழைய முறைக் குளங்கள் தவிர, இறால் குளமே கூடாது. இருப்பவற்றை 31-3-1997-க்குள் இடிக்க வேண்டும். விளைநிலத்தையும் ஊர்ப் பொது நிலத்தையும் குளமாக்கக் கூடாது என்பதாகச் சொல்லிற்று.

ஏழை பிழைத்தான் என்று நினைத்தோம். 2005-இல் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. அதன் 27-வது பிரிவு, 1991 அறிக்கையின் தடை இறால் வளர்ப்புக்குப் பொருந்தாது என்று ஒரு வாக்கியத்தைச் சேர்த்து, அது 1991 பிப்ரவரி 19 முதலே அதில் இருந்ததாகக் கொள்ள வேண்டும் என்கிறது! பதினான்கு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை, தாத்தா கலியாணத்தில் சந்தனம் கொடுத்தான் என்று சாட்சி சொல்லுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? 500 மீட்டர் 200 மீட்டராயிற்று. பதிவில்லாமல் குளம் நடத்தினால் மூன்று வருஷம் வரை சிறை என்றாவது அச்சட்டத்தில் இருந்தது. 2023-இல் அதையும் எடுத்துவிட்டு அபராதத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

இறாலால் அந்நிய நாட்டுப் பணம் வருகிறதாம். வரட்டும். கிணறு கெட்டவன் வீட்டுக்கு அதில் எத்தனை காசு வந்தது?

நிற்க, எல்லாம் கெசட்டில் போட்டுத்தானே செய்கிறோம் என்பார்கள். அந்த யோக்கியதையையும் பார்ப்போம். 2020-இல் சுற்றுச்சூழல் தாக்கம் பற்றிய நகல் அறிக்கைக்கு ஜனங்களின் ஆட்சேபணையைக் கேட்டார்கள். எந்தப் பாஷையில்? இங்கிலீஷிலும் இந்தியிலும்! 30-6-2020-இல் டெல்லி ஐகோர்ட்டு அதை 22 பாஷைகளிலும் வெளியிடச் சொன்னபோது, மத்திய சர்க்கார் அதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. புரியாத மந்திரத்துக்குத் தட்சணை கொடுத்தவனுக்கு நாலணா நஷ்டம். புரியாத அறிக்கையினால் கிணறே நஷ்டம்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். எந்தச் சர்வே நம்பர், எத்தனை ஏக்கர், கழிவு நீர் எந்த வாய்க்காலில் விழும் என்பதைத் தமிழில் எழுதி, பஞ்சாயத்து ஆபீசில் ஒட்டி, சேரியிலும் குப்பத்திலும் தண்டோரா போட்டு, ஊரார் சொல்லுவதைக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். லைசென்சைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.