பழுது கன்ட்ரோலரில் இல்லை

ரெட்ரோஆர்க்கில் எக்ஸ்பாக்ஸ் வகைக் கன்ட்ரோலரை இணைத்து ‘ஏ’யை அழுத்தினால் தேர்வு ரத்தாவதுண்டு. உடனே பழுதென்று தீர்ப்பெழுதுவோர், குறிக்கும் பொருளுக்கும் இயற்கை உறவில்லை எனச் சொசூரைத் தேர்வில் எழுதியவர்களே! 1990இன் சூப்பர் ஃபேமிகாமில் ‘ஏ’ வலப்புறம், ‘பி’ கீழே. 2001இன் எக்ஸ்பாக்ஸில் அவை இடம் மாறின. ரெட்ரோஆர்க் முன்னதைப் பின்பற்றி, எழுத்தை விடுத்து இடத்தைக் கொள்கிறது. அதுவே சரி. சூப்பர் மாரியோ வேர்ல்டில் இடப்புற ‘ஒய்’யை அழுத்தி ஓடியபடியே அதே கட்டைவிரலைக் கீழே சாய்த்து ‘பி’யால் தாவ வேண்டும். எழுத்துக்கு எழுத்து பொருத்தினால் ‘ஒய்’ மேலேயும் ‘பி’ வலப்புறமும் போய்விடும், விரல் முறுக்கிக்கொள்ளும். அப்படி ஆடிவிட்டு, ஆட்டத்தின் கட்டுப்பாடு கரடுமுரடானது என ஆய்வேட்டில் எழுதுவது யாருடைய குறை? மெனுவின் ஏற்பு, ரத்துப் பொத்தான்களை மட்டும் இடம்மாற்ற அமைப்புகளிலேயே தனித் தேர்வு இருக்கிறது.