எண்ணூர் அனல்மின் நிலைய மூடல்: நிலுவைப் பணிகளை முடிக்கக் கோரும் மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
மீனவர் நலச் சங்கம்,
எண்ணூர், சென்னை.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
சென்னை மாவட்டம்.

பொருள்: மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையம் – மண், நீர் ஆய்வு, சாம்பல் அகற்றம், வேலை முன்னுரிமை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

மேற்படி நிலையத்தின் முதல் அலகு 1970 மார்ச் மாதம் இயங்கத் தொடங்கியது. 1975இல் ஐந்தாவது அலகும் சேர்ந்தபின், 60 மெகாவாட்டில் இரண்டு, 110 மெகாவாட்டில் மூன்று என மொத்தத் திறன் 450 மெகாவாட் ஆனது. இயந்திரங்கள் பழசாகிவிட்ட நிலையில் 2017 மார்ச் 31 அன்று நிலையம் மூடப்பட்டது. அது தந்த மின்சாரத்தையும் வேலையையும் நாங்கள் மறுக்கவில்லை.

ஆனால் கொதிகலன் அணைந்ததோடு மூடல் முடிந்துவிடாது. இந்திய நிலக்கரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சாம்பல்தான்; எரித்த பிறகும் அது எங்காவது தங்கத்தான் செய்யும். கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பது எங்கள் பகுதித் தொழில். இப்போது கையில் அகப்படுவது சாம்பல் படிந்த சேறு. நீர் வற்றும் நேரத்தில் படகு தரைதட்டுகிறது. இவ்வட்டாரத்தில் அனல்மின் நிலையங்கள் பல இருப்பதால், எதன் பங்கு எவ்வளவு என்பதை முறையான ஆய்வே சொல்ல வேண்டும். இதற்கிடையே இதே நிலையத்தின் 660 மெகாவாட் விரிவாக்கத் திட்டத்துக்கு 2024 டிசம்பரில் கருத்துக்கேட்புக் கூட்டமும் நடந்துவிட்டது. பழைய பாக்கியைத் தீர்த்த பிறகே புதிய உலை பற்றிப் பேச வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு.

எனவே கீழ்க்கண்டவற்றை நிறைவேற்றித் தருமாறு வேண்டுகிறோம்:

1. நிலைய வளாகத்தின் மண், நிலத்தடி நீர், ஆற்றுப் படிவு ஆகியவற்றில் பாதரசம், ஆர்செனிக், காரீயம் உள்ளனவா எனச் சுயேச்சையான நிறுவனத்தைக் கொண்டு ஆய்வு செய்து, அறிக்கையைத் தமிழில் வெளியிட வேண்டும்.

2. தேங்கிய பழைய சாம்பலை அகற்றிப் பயன்படுத்த ஒன்றிய அரசின் 2021 டிசம்பர் 31 அறிவிக்கை பத்தாண்டு கெடு விதித்துள்ளது. அந்த அடிப்படையில் ஆண்டுவாரியான செயல்திட்டம் அறிவிக்க வேண்டும்.

3. முகத்துவாரத்தில் படிந்த சாம்பலை மீனவர்களின் மேற்பார்வையில் தூர்வார வேண்டும். அள்ளியதை மீண்டும் கரையிலேயே கொட்டக் கூடாது.

4. தூய்மைப் பணிகளில் முன்னாள் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் குப்பத்து இளைஞர்களுக்கும் முன்னுரிமை வேண்டும்.

5. இவை முடியும்வரை விரிவாக்கத் திட்டப் பணிகளை நிறுத்திவைக்க அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும்.

இவை குறித்துப் பேச, மின் உற்பத்திக் கழக அதிகாரிகளையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தையும் அழைத்து, 30 நாட்களுக்குள் தங்கள் தலைமையில் கூட்டம் நடத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சங்க நிர்வாகிகள்

நகல்:
மேலாண்மை இயக்குநர், தமிழ்நாடு மின் உற்பத்திக் கழகம்
தலைவர், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்