மடியும் சோப்பும்

இன்புளுயன்சா என்னும் சளிக்காய்ச்சலுக்குப் பெயரே ஒரு மூடநம்பிக்கையில் பிறந்ததாகும். நட்சத்திரங்களின் ஆதிக்கத்தால் இந்நோய் வருகிறதென்று நம்பிய இத்தாலி நாட்டார், "ஆதிக்கம்" என்ற பொருளில் அப்பெயரை வைத்தார்கள். 1933-ல் லண்டன் விஞ்ஞானிகள் இதற்குக் காரணமான வைரஸ் கிருமியைப் பிரித்தெடுத்துக் காட்டிவிட்டார்கள். மேல்நாட்டார் நட்சத்திரத்தை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நம்மவர்களோ பெயரையும் இரவல் வாங்கிக்கொண்டு, ஜோசியனையும் விடவில்லை.

சென்ற மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் கண்டதைச் சொல்லுகிறோம். மடிசஞ்சியான பெரியவர் ஒருவர் கையில் தும்மி, மூக்கைச் சிந்தி, மேல்துண்டில் துடைத்துக்கொண்டு இலைமுன் உட்கார்ந்தார். ஒரு கரண்டித் தண்ணீரை இலையைச் சுற்றி விட்டு மந்திரம் சொன்னார். பிறகு அதே கையால் ஊறுகாய்க் கிண்ணத்தைப் பக்கத்திலிருந்த குழந்தைக்கு நகர்த்தினார். அந்தக் குழந்தையை வேறு ஜாதியான் தொட்டிருந்தால் தீட்டு! சளிக்கு மாத்திரம் தீட்டில்லை போலும்!

காய்ச்சல்காரன் இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் துளிகளில் கிருமி இருக்கிறது. எவர்சில்வர் போன்ற வழவழப்பான பொருள்களில் அது ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள்கூடத் தங்கும். அதைத் தொட்ட கை கண்ணையோ மூக்கையோ வாயையோ தொட்டால் போதும். நோய் வெளியில் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே அது பிறருக்குப் பரவத் தொடங்கிவிடும். அக்கிருமியின்மேல் கொழுப்பாலான உறை உண்டு. எண்ணெய்ப் பாத்திரம் தேய்த்த எவருக்கும் தெரியும், கொழுப்புக்கு வெறுந்தண்ணீர் போதாதென்று. சோப்பு அவ்வுறையைக் குலைத்துவிடும். விரலிடுக்கிலும் நகத்திலும் படும்படி இருபது விநாடி தேய்க்கவேண்டும். அவ்வளவுதான் மந்திரம்.

"நம் முன்னோர் கைகால் கழுவவில்லையா?" என்று சிலர் கேட்கிறார்கள். கழுவினார்கள், நல்லதே. ஆனால் எதற்காகக் கழுவுகிறோம் என்று தெரியாமல் கழுவினபடியால், எப்போது கழுவவேண்டும் என்பதும் தெரியாமற்போயிற்று. சாவு வீட்டுக்குப் போய்வந்தால் தலைமுழுக்கு, இருமினால் ஒன்றுமில்லை!

நம் தோழர்கள் சிலரும் கூட்டத்தில் கையில் இருமிவிட்டு அதே கையைக் குலுக்க நீட்டுகிறார்கள். கிருமிக்குப் பக்தன், நாஸ்திகன் என்ற பேதமில்லை.

கை கழுவினால் மட்டும் இந்நோய் ஒழிந்துவிடுமென்று நாம் சொல்லவில்லை. காற்றிலும் பரவும், தடுப்பூசியும் வேண்டும், காய்ச்சல்காரன் வீட்டில் தங்கவும் வேண்டும்.

நிற்க, 1918-ல் பம்பாய் வழியாக நுழைந்த இந்நோய் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. பம்பாய் நகரில் "மேல்ஜாதி" இந்துக்களைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு விகிதத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள் மாண்டார்கள். நெருக்கடியான குடியிருப்பும் வறுமையும் அவர்களைக் கொன்றன. அதே மாகாணத்தில் பொதுக்குளத்துத் தண்ணீரைத் தொடுவதற்கே 1927-ல் அம்பேத்கர் மகாத்தில் போராட வேண்டியிருந்தது. தண்ணீரைத் தடுத்து வைத்துக்கொண்டு "அவர்கள் அசுத்தமானவர்கள்" என்று பேசியவர்களின் யோக்கியதையை என்னவென்பது?

ஆகவே பள்ளிக்கூடத்துக் குழாயடியில் சோப்பு இருக்கிறதா என்று பெற்றோர் போய்ப் பார்க்கட்டும். இல்லையென்றால் பஞ்சாயத்தைக் கேட்கட்டும். பந்தி வாசலில் சந்தனக் கிண்ணம் வைக்கிறவர்கள் பக்கத்தில் சோப்பும் தண்ணீரும் வைக்கட்டும். வைக்காத பந்தியில் இனி உட்காருவதில்லை என்று நாம் தீர்மானித்துவிட்டோம். கோபித்துக்கொள்ளும் சம்பந்திகள் கோபித்துக்கொள்ளட்டும்.