உள்குடி, பரகுடி, ஆள்

யார் எத்தனை காலமாக ஊரில் இருக்கிறார் என்று பார்த்துப் பெயர் வைக்கும் வழக்கம் டெல்டாவுக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரன் காலத்து வருவாய்க் கணக்குகளைப் புரட்டுங்கள். காணியாட்சி உள்ளவர் மிராசுதார். மிராஸ் என்ற அரபுச் சொல்லுக்குப் பரம்பரைச் சொத்து என்று பொருள். ஊரிலேயே தலைமுறையாகக் குடியிருந்து அந்த நிலத்தைப் பயிர் செய்தவர் உள்குடி. அவரை எளிதில் எழுப்ப முடியாது. வெளியூரிலிருந்து வந்து பயிர் செய்தவர் பரகுடி. இந்தப் போகம் முடிந்ததும் போகச் சொல்லலாம்.

இந்த வரிசையில் நம் பாட்டன் எங்கே?

நாற்றுப் பறித்தவர், வாய்க்கால் வெட்டியவர், அறுத்துப் போரடித்தவர் பெயர் ‘ஆள்’. பண்ணையாள், படியாள். நிலம் கைமாறும்போது கூடவே கைமாறியவர். மிராசுதார் நொடித்து நிலத்தை விற்றுவிட்டுப் போனார், பரகுடி வந்தார் போனார், ஆள் மட்டும் அதே சேற்றில் நின்றார். காலத்தைத்தான் அளந்தார்கள் என்றால் முதல் மரியாதை சேரிக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லையே! ‘ஊர்க்காரர்’ என்ற சொல்லுக்குள்கூடச் சேரி அடங்காது. இன்றும் திருவாரூர்ப் பக்கம் போய்க் கேட்டுப் பாருங்கள்.

1952-இல் இராஜாஜி அரசு தஞ்சாவூர் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. பண்ணையாளை நினைத்தபடி நிறுத்தக்கூடாது என்றது. நெடுங்காலம் உழைத்தது முதன்முதலாக ஓர் உரிமையாக மாறிய இடம் இது. உடனே என்ன நடந்தது? பண்ணையாளை நிறுத்திவிட்டுத் தினக்கூலிக்கு ஆள் பிடித்தார்கள். தலைமுறை தலைமுறையாக ‘நம்ம பண்ணை ஆளு’ என்று சொன்ன அதே வாய், ‘கூலிக்கு வந்தவன்’ என்று சொல்லப் பழகிக்கொண்டது. நம் பழமை அவர்களுக்கு உழைப்பாக இருந்தவரை இனித்தது, உரிமையானதும் கசந்தது. வெண்மணிக்கு முன் நடந்த கூலிப் போராட்டத்திலும் வெளியூர் ஆட்களை இறக்கி அறுவடை செய்தது ஒரு முக்கியச் சிக்கல். 1968 டிசம்பர் 25 இரவு எரிக்கப்பட்ட 44 பேரும் அந்த மண்ணில் நேற்று வந்தவர்கள் அல்ல.

‘ஆதி திராவிடர்’ என்ற பெயரும் காலத்தை அளக்கும் பெயர்தான். எம்.சி. ராஜா சென்னை சட்டமன்றத்தில் கேட்டு, 1922-இல் அரசு ஏற்றுக்கொண்டது. இழிசொல்லை நீக்க நம் முன்னோர் போராடி வாங்கிய பெயர் அது, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ‘ஆதி’ என்று எழுதிக்கொடுத்த அரசு, அந்த ஆதிக்கு எத்தனை காணி நிலம் எழுதிக்கொடுத்தது? முதலில் வந்தவர் என்ற பட்டம் நமக்கு, காணி அவர்களுக்கு.

மாணவத் தோழர்களே, 1971-இன் குடியிருப்பு அனுபோகதாரர் சட்டத்தைத் தேடிப் படியுங்கள். 1971 ஜூன் 19 அன்று மிராசுதாரின் மனையில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையே சொந்தம் என்றது அது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் தெருவில் வீடு வீடாகக் கேளுங்கள். அன்று அங்கே இருந்தவர் யார், பட்டா இப்போது யார் பெயரில் இருக்கிறது? இரண்டையும் எழுதிக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்குப் போங்கள். தனியாகப் போகாதீர்கள், தெருவோடு போங்கள்.