ஜாம்பி படத்துக்கும் நல்ல முகப்படம் வேண்டும்



லீவுக்கு வந்திருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு இப்போது ஒரு புது விளையாட்டு. செல்போனில் ஒரு முகத்தைக் கொடுத்து அதை ஜாம்பியாக மாற்றிப் பார்ப்பது. பெரியவர்கள் பலர் திட்டுகிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. முகத்தில் அரிதாரம் பூசி வேஷம் கட்டுவது நமக்குப் புதிதல்லவே. நான் சொல்வது இரண்டுதான். செய்வதை ஒழுங்காகச் செய்ய வேண்டும். யார் முகத்தில் செய்கிறோம் என்று யோசிக்க வேண்டும். எமிஸ் பதிவுக்கும் அடையாள அட்டைக்கும் பள்ளிப் பிள்ளைகளைப் படம் எடுத்துப் பழகியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஜாம்பி படம் ஏன் பயமுறுத்துகிறது? ரத்தத்தால் மட்டும் அல்ல, "அட, இது நம்ம ஆளு!" என்று தெரிவதால். 1983-ல் வந்த ‘திரில்லர்’ வீடியோவில் ஒப்பனைக் கலைஞர் ரிக் பேக்கர் எத்தனை பூச்சுப் பூசியும், உள்ளே இருப்பது மைக்கேல் ஜாக்சன் என்று தெரிந்தது. தெரியாவிட்டால் அது யாரோ ஒரு பேய், அவ்வளவுதான். ஆகவே ஆளை உள்ளபடி காட்டும் படம்தான் முதலில் வேண்டும்.

பிள்ளைகள் இருட்டறையில் டார்ச்சைத் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு எடுக்கிறார்கள். அது வேண்டாம். கண், புருவம், மூக்கு, உதடு, தாடை ஓரம் எல்லாம் எங்கே இருக்கின்றன என்று செயலி தேடிப் பார்க்கிறது. பரவலாகப் பயன்படும் ஒரு முறையில் இதற்காக முகத்தில் 68 புள்ளிகள் வைத்துக் கணக்கிடுகிறார்கள். பாதி முகம் நிழலில் மறைந்தால் கணக்குத் தப்பும். கன்னத்தில் வர வேண்டிய காயம் காதில் வரும். பயமுறுத்தும் நிழலைச் செயலியே போட்டுக்கொள்ளும். நாம் வெளிச்சத்தைக் கொடுத்தால் போதும். உச்சி வெயிலில் கண்குழி கறுத்துவிடும். ஃபிளாஷ் போட்டால் நெற்றி மினுக்கும். காலையில் திண்ணையில் வெளியே பார்த்து உட்கார வையுங்கள். அதைவிட நல்ல ஸ்டூடியோ நம் புதுக்கோட்டைப் பக்கம் கிடையாது.

கையை நீட்டி எடுக்கும் செல்ஃபியில் பக்கத்தில் இருக்கும் மூக்கு பெருத்து, காது சிறுத்துவிடும். 5, 6 அடி தள்ளி நின்று, பின்பக்க கேமராவில் 2 மடங்கு பெரிதாக்கி எடுங்கள். கேமரா கண் மட்டத்தில் இருக்கட்டும். சின்னப் பிள்ளை என்றால் எடுப்பவர்தான் முழங்கால் போட வேண்டும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, நெற்றி முடியை ஒதுக்கி, வாயை மூடி நேராகப் பார்க்கச் சொல்லுங்கள். பேய் முழி முழிக்க வேண்டாம், அது செயலியின் வேலை. பின்னால் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, லென்ஸை ஒரு தடவை துடைத்துவிட்டு எடுங்கள்.

‘பியூட்டி’ வசதியை அணைத்துவிடுங்கள். பல போன்களில் நாம் கேட்காமலே அது வேலை செய்யும். சுருக்கம், தழும்பு, மச்சம் எல்லாவற்றையும் அழித்து, நிறத்தையும் வெளுப்பாக்கிவிடும். "சார், கொஞ்சம் வெள்ளையா வர்ற மாதிரி எடுங்க" என்று நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என்னிடம் கேட்டிருக்கிறாள். அந்த எண்ணத்தைப் போனும் சேர்ந்து வளர்க்க வேண்டாம்.

இனி, யார் முகம் என்ற கேள்வி. எங்கள் ஊரில் ஒரு பையன் தன் அப்பத்தாவின் படத்தை ஜாம்பியாக்கிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டான். எல்லாரும் சிரித்தார்கள். அப்பத்தா சிரிக்கவில்லை. "உசுரோட இருக்கையிலயே என்னயப் பொணமாக்கிட்டானே" என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூடநம்பிக்கை என்று சிலர் பேரனுக்குப் பரிந்து பேசினார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. முகம் அவருடையது. அதை வைத்து விளையாடலாமா கூடாதா என்று சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

கூடப் படிக்கும் பெண் பிள்ளைகளின் படம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். இன்று ஜாம்பியாகும் முகம் நாளைக்கு வேறு எதுவாகவும் ஆக்கப்படலாம். தெளிவாக நேரே பார்க்கும் படம் செயலிக்கு எவ்வளவு வசதியோ, ஏமாற்றுக்காரனுக்கும் அவ்வளவு வசதி. 2019 ஜூலையில் முகத்தை முதுமையாக்கும் ஃபேஸ்ஆப் உலகம் முழுக்கப் பரவியது. படங்கள் போனில் மாறவில்லை, நிறுவனத்தின் சர்வருக்குப் போய் மாறி வந்தன என்று தெரிந்ததும், அமெரிக்க செனட்டர் ஒருவர் எஃப்.பி.ஐ. விசாரணை கேட்டார். நம் நாட்டிலும் 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களின் விவரங்களைக் கையாள நிறுவனங்கள் பெற்றோர் சம்மதம் வாங்க வேண்டும் என்கிறது. சட்டம் இருக்கட்டும், "உன் படத்தை மாத்தலாமா?" என்று கேட்க ஒரு நிமிஷம் ஆகாது.

கடைசியாக ஒன்று. நம் ஊர்களில் துக்க வீட்டில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் அடிக்கப் படம் தேடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆதார் அட்டைப் படத்தையோ, யாருடைய கல்யாண குரூப் போட்டோவின் ஓரத்தில் நின்ற முகத்தையோ வெட்டிப் பெரிதாக்குவார்கள். 50, 60 வருஷம் குடும்பத்தைத் தாங்கிய முகம் மங்கலாக, புள்ளி புள்ளியாகத் தெரியும். கையில் செல்போன் இல்லாத வீடு இல்லை. ஆனாலும் வீட்டுப் பெரியவருக்கு ஒரு நல்ல படம் இல்லை.

மேலே சொன்னபடி எடுத்தால் அந்த நல்ல படம் கிடைத்துவிடும். மாற்றிய படத்தை 2 நாளில் அழித்துவிடுவார்கள். மூலப் படத்தை அழிக்க விடாதீர்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறையும், டாகுமென்ட்டாக அனுப்பி வாங்கி வையுங்கள். டவுனுக்குப் போகும்போது பிரிண்ட் போட்டு, படத்தில் இருப்பவர் கையிலேயே கொடுங்கள். உயிரோடு இருக்கும்போதே அவர்கள் தங்கள் முகத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

இதைப் பேரப்பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.